மழையிலும் பனியிலும் மணக்கும் துளசி
முட்டம் கடற்கரை வீடுகளுக்கு ஏற்ற எளிய வழிகள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது முட்டம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரம். பெரிய பெரிய பாறைகள். அவற்றின் மேல் மோதிச் சிதறும் அலைகள். மேட்டின் மேலே கலங்கரை விளக்கம். அடுத்தாற்போல் செம்மண் மேடுகள். 1981-ல் வெளிவந்த "அலைகள் ஓய்வதில்லை" படத்தில் இந்தப் பாறைகளைத் தமிழ்நாடே பார்த்து வியந்தது.

பார்க்க அழகான ஊர்தான். ஆனால் வீட்டு வாசலில் ஒரு துளசிச் செடியை வளர்த்துப் பாருங்கள். அப்போது தெரியும் கஷ்டம்!

ஆனி மாதம் நன்றாக நிற்கும் செடி, ஆடியில் இலை ஓரம் கருகுகிறது. எப்படியோ தப்பிப் பிழைத்தால், ஐப்பசி மழையில் வேர் அழுகுகிறது. அதிலும் தப்பினால், மார்கழிப் பனியில் இலை கொட்டி விறகுக் குச்சியாக நிற்கிறது. சரியாக அந்த நேரத்தில்தான் வீட்டில் குழந்தைக்குச் சளி பிடிக்கும். துளசி இலை தேடி அக்கம்பக்கத்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

இதைத் தடுக்க வழி இல்லையா? இருக்கிறது. காசு செலவு இல்லாத வழி. கொஞ்சம் முன்யோசனை வேண்டும். அவ்வளவுதான்.

துளசி ஒன்றல்ல!

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். துளசி என்பது ஒரே செடி அல்ல. அது ஒரு பெரிய குடும்பம்.

துளசி மாடத்தில் வைத்துக் கும்பிடும் துளசி ஒன்று. பச்சை நிறத்தில் இருப்பதும் உண்டு. கருஞ்சிவப்பாக இருப்பதும் உண்டு. பின்னதைக் கருந்துளசி என்கிறோம்.

திருநீற்றுப்பச்சை இன்னொன்று. இதற்கு உருத்திரச்சடை என்றும் பெயர். இதன் இலை கொஞ்சம் பெரியது, வழவழப்பானது. இதன் விதைதான் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை. மேல்நாட்டார் சமையலில் போடும் "பேசில்" என்ற கீரையும் இந்தத் திருநீற்றுப்பச்சையின் இனம்தான்.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த லின்னேயஸ் என்ற அறிஞர், 1753-ம் ஆண்டில் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்துப் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அதில் இந்த இரண்டு செடிகளையும் ஒரே குடும்பத்தில் சேர்த்து "ஓசிமம்" என்று பெயர் கொடுத்தார்.

இந்தக் குடும்பத்துக்கு மத வேற்றுமை கிடையாது. இந்துக்கள் துளசியைத் திருமாலுக்குச் சாத்துகிறார்கள். கிழக்கு நாட்டுக் கிறிஸ்தவர்கள், இயேசுநாதரின் சிலுவை கிடைத்த இடத்தில் திருநீற்றுப்பச்சை முளைத்திருந்தது என்று நம்புகிறார்கள். செப்டம்பர் 14-ம் தேதி சிலுவைத் திருநாளில் அந்தக் கொத்தைக் கோவிலில் வைத்து மந்திரிக்கிறார்கள். முஸ்லிம்களின் திருக்குர்ஆனில் "ரைஹான்" என்று நறுமணச் செடி சொல்லப்படுகிறது. அரபு நாடுகளில் திருநீற்றுப்பச்சைக்கு இன்றும் அதுவே பெயர்.

இன்னொரு வேடிக்கை! நாம் மாடத்தில் வைத்து வணங்கும் அதே துளசியைத் தாய்லாந்து மக்கள் மிளகாய், பூண்டுடன் இறைச்சியில் போட்டு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். அங்கே அது தெருக்கடைச் சாப்பாடு.

மணம் எங்கே இருக்கிறது?

துளசி இலையை விரலால் தேய்த்தால் உடனே மணம் வருகிறது. ஏன்?

இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத சிறிய எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. தேய்த்ததும் அவை உடைகின்றன. மணம் காற்றில் பரவுகிறது.

துளசியின் எண்ணெயில் "யூஜினால்" என்ற பொருள் உண்டு. கிராம்பில் இருப்பதும் இதேதான். அதனால்தான் துளசியை மென்றால் கிராம்பு போலக் காரமாக இருக்கிறது. திருநீற்றுப்பச்சையில் "லினலூல்" போன்ற வேறு பொருள்கள் அதிகம். அதனால் அதன் மணம் வேறு.

இந்த எண்ணெய் வெப்பம் பட்டால் ஆவியாகிப் பறந்துவிடும். இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். இலையைக் காயவைக்கும் பேச்சு வரும்போது இது தேவைப்படும்.

குளிர் என்றால் எது?

துளசிக் குடும்பம் முழுவதும் வெயிலுக்குப் பிறந்தது. குளிர் அதற்கு ஆகாது.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் தண்ணீர் உறையும். ஒரே இரவில் திருநீற்றுப்பச்சை கருத்துச் செத்துவிடும். அங்கே அது ஒரு வருடச் செடிதான். ஆகவே அவர்கள் கோடை முடியும் முன்பே கிளையை ஒடித்து வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறார்கள். இலையை அரைத்தும், உப்பிலிட்டும், காயவைத்தும் சேமிக்கிறார்கள். இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அந்த ஊர்த் திருநீற்றுப்பச்சைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் பெயர்ப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. அங்கே குளிர்காலத்திலும் கண்ணாடிக் கூடாரங்களில் அதைப் பயிரிடுகிறார்கள்.

நம் நாட்டில் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும். அங்கே அரசு தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் செடிகளால் மூடிக் காப்பாற்றுகிறார்கள்.

முட்டத்தில் உறைபனி கிடையாது. கடல் பக்கத்தில் இருப்பதால் குளிரும் அதிகம் இல்லை. அப்படியானால் செடி ஏன் சாகிறது?

முட்டத்துத் துளசிக்கு மூன்று எதிரிகள். ஒன்று உப்புக்காற்று. இரண்டு மழைநீர். மூன்று பனி ஈரம். இவை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

முதல் எதிரி: உப்புக்காற்று

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிறது. இது கடலிலிருந்து கரையை நோக்கி வருகிறது. அலை பாறையில் மோதிச் சிதறும்போது, உப்பு நீர்த் துளிகளைக் காற்று அள்ளிக்கொண்டு வருகிறது. அவை இலையில் ஒட்டுகின்றன. நீர் காய்ந்துவிடும். உப்பு மட்டும் தங்கிவிடும். இலையில் உள்ள ஈரத்தை அந்த உப்பு உறிஞ்சிவிடும். அதனால்தான் இலை ஓரம் கருகுகிறது.

இதற்கு என்ன செய்வது?

ஒன்று: தொட்டியைக் கடல் பார்த்த பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டுக்குக் கிழக்குப் பக்கமாக, சுவர் மறைவில் வையுங்கள். காலை வெயில் கிடைக்கும். காற்று அடிக்காது.

இரண்டு: மாடம் கட்டி நட்டுவிட்டீர்களா? செடியை நகர்த்த முடியாதா? மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி ஒன்று கட்டுங்கள். தென்னங்கீற்றும் போதும். காற்றை அடியோடு தடுக்க வேண்டாம். வேகம் குறைந்தால் போதும்.

மூன்று: காற்று பலமாக வீசிய மறுநாள் காலையில், ஒரு செம்பு நல்ல தண்ணீரை இலை மேல் தெளித்துக் கழுவுங்கள். உப்பு போய்விடும்.

நான்கு: கிணற்று நீர் உப்புக் கரித்தால் அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். அரிசி கழுவிய தண்ணீரும் நல்லது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் ஆகாது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி கடல் பொங்கியது இந்தக் கரை மக்களுக்கு மறக்காது. கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் எத்தனையோ உயிர்கள் போயின. கடல்நீர் ஏறிய இடங்களில் செடி கொடிகளும் பட்டுப்போயின. உப்பு ஏறிய மண்ணை நல்ல தண்ணீரால் பலமுறை நனைத்து வடியவிட்டால்தான் அது மறுபடி பயிருக்கு ஆகும். ஒரு தொட்டி மண்ணுக்கும் இதே விதிதான். இலை ஓரம் தொடர்ந்து கருகினால், தொட்டியில் நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, அடித் துளை வழியாக வடியவிடுங்கள்.

இரண்டாம் எதிரி: மழை

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இப்போது காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். உப்புத் தொல்லை குறையும். ஆனால் மழை விடாது பெய்யும். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அது உழவருக்கு வரம். தொட்டித் துளசிக்கு அது சோதனை.

வேருக்குத் தண்ணீர் வேண்டும். காற்றும் வேண்டும். தண்ணீர் தேங்கினால் காற்று போக வழி இல்லை. வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். மேலே இலை வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம்! செடி செத்துவிடும். மழைக்காலத்தில் துளசி வாடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வாளி, பெயின்ட் டப்பா எதுவானாலும் சரி, மூன்று நான்கு துளை போடுங்கள். துளையின் மேல் ஓட்டுச் சில்லுகளை வையுங்கள். மண் அடைக்காது. தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். நீர் வடிந்து ஓடும்.

மண் எப்படி இருக்க வேண்டும்? இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மக்கிய சாணி எரு. கடற்கரை மணலைக் கலக்காதீர்கள். அதில் உப்பு இருக்கும். தென்னை நார்த் தூளைச் சிலர் கலப்பார்கள். அதிலும் உப்பு இருக்கலாம். நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

மழை நாலைந்து நாள் தொடர்ந்தால் தொட்டியைத் திண்ணைக்கு அல்லது தாழ்வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். வானம் வெளுத்ததும் திரும்ப வெளியே வையுங்கள். துளசிக்குத் தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும். இருட்டறையில் பூட்டி வைத்தால் கொடி போல நீண்டு மெலிந்துவிடும்.

புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைத் தாமதிக்காமல் உள்ளே கொண்டுபோங்கள். 2017-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போன எத்தனையோ மீனவர்கள் திரும்பவில்லை. கரையில் வாழையும் ரப்பரும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. பெருமரமே சாயும் காற்றில் மண்தொட்டி எம்மாத்திரம்? அது பறந்து வந்து ஆள் மேலே விழுந்தாலும் ஆபத்து.

மூன்றாம் எதிரி: பனி ஈரம்

மார்கழியில் இரவு முழுவதும் இலையில் ஈரம் நிற்கும். பூஞ்சணத்துக்கு அதுதான் விருந்து.

திருநீற்றுப்பச்சையை ஒரு பூஞ்சண நோய் உலகம் முழுவதும் பாடாய்ப் படுத்துகிறது. அடிச்சாம்பல் நோய் என்பார்கள். 1930-களில் ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் அதை முதலில் கண்டார்கள். பிறகு பல காலம் பேச்சே இல்லை. 2001-ல் சுவிட்சர்லாந்தில் திடீரென்று தலைகாட்டியது. 2007-ல் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. இலையின் மேல்புறம் மஞ்சளாகும். அடிப்புறம் சாம்பல் தூவியது போல இருக்கும். அத்தகைய இலையைக் கண்டால் கிள்ளித் தூரப் போடுங்கள். அதைச் செடியின் அடியில் போடாதீர்கள்.

நோய் வராமல் தடுப்பது இன்னும் சுலபம். மார்கழியில் மாலை நேரத்தில் இலை மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். செடிகளை நெருக்கி வைக்காதீர்கள். நடுவில் காற்று ஓடட்டும்.

துளசியில் சிறு கண்ணாடிச் சிறகுப் பூச்சிகளும், வெள்ளை மாவுப் பூச்சிகளும் வரும். கடைப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். நாம் வாயில் போடும் இலை அது. வேப்பெண்ணெயில் சிறிது சோப்புக் கரைசல் கலந்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வீதம் தெளிக்கலாம். தெளித்த ஒரு வாரத்துக்கு இலை பறிக்க வேண்டாம். பிறகும் நன்றாகக் கழுவியே உபயோகிக்க வேண்டும்.

மீன் கழிவும் உரமாகும்

முட்டம் மீனவர் ஊர். மீனுக்குப் பஞ்சமில்லை. தலை, குடல், செதில் எல்லாம் வீணாகக் குப்பைக்குப் போகிறது. அதை உரமாக்கலாம்.

மீன் கழிவு ஒரு கிலோ, நாட்டு வெல்லம் ஒரு கிலோ. இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கலந்து, துணியால் வாய் கட்டி, நிழலில் வையுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆனால் தேன் போல ஒரு சாறு இறங்கும். இதற்கு மீன் அமிலம் என்று இயற்கை உழவர்கள் பெயர் சொல்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து முதல் பத்து மில்லி கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றினால் போதும். துளசி இலையில் தெளிக்க வேண்டாம். உப்பிட்ட மீனின் கழிவை இதற்குச் சேர்க்கக் கூடாது.

கிள்ளினால்தான் வளரும்

துளசி பூத்துக் கதிர் விட்டால், அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். அது தப்பு. விதை முற்றிவிட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று கிழடு தட்டிவிடும். இலை சிறுத்துப்போகும்.

கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள். ஒரு நுனியைக் கிள்ளினால் இரண்டு கிளை வரும். நுனியில் சுரக்கும் ஒரு சாறு பக்கக் கிளைகளை அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அவை தலைதூக்குகின்றன. கதிரைக் கிள்ளிக் கிள்ளிப் பூசைக்கு வைப்பது பெரியவர்கள் வழக்கம். கடவுளுக்கும் ஆச்சு, செடிக்கும் ஆச்சு!

துவாதசியிலும், ஞாயிற்றுக்கிழமையிலும், பொழுது சாய்ந்த பிறகும் துளசி பறிக்கக் கூடாது என்று ஒரு விதி பல வீடுகளில் உண்டு. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். இப்படி அவ்வப்போது ஓய்வு கிடைக்கும் செடி தழைக்கத்தான் செய்யும். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலையைப் பறிக்காதீர்கள்.

ஒரு செடி போனாலும் இன்னொன்று

எவ்வளவு காத்தாலும் சில செடி போகும். திருநீற்றுப்பச்சை ஓராண்டுக்கு மேல் நன்றாக இருப்பது குறைவு. துளசி இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். ஆகவே, இருக்கும் செடியைக் காப்பது பாதி வேலை. அதன் பிள்ளையைத் தயாராக வைப்பதுதான் மீதி வேலை.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று விதை. மற்றொன்று கிளை.

விதையில் ஒரு சங்கடம் இருக்கிறது. தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடிக்குக் கொண்டுபோகின்றன. பக்கத்து வீட்டில் வேறு சாதித் துளசி இருந்தால் கலந்துவிடலாம். அடுத்த தலைமுறைச் செடி தாயின் மணத்தோடு வராமல் போகலாம். உங்கள் பாட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்த செடி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன் மணம் அப்படியே வேண்டுமா? கிளையை வெட்டி வையுங்கள். கிளையிலிருந்து வரும் செடி தாயின் அச்சு.

ஆவணி மாதம் உப்புக்காற்று தணியும். மழை இன்னும் பிடிக்காது. அதுதான் நேரம். பூ இல்லாத இளங்கிளையாகப் பார்த்து, நாலு விரல் நீளம் நறுக்குங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, அதில் நிறுத்துங்கள். வெளிச்சம் உள்ள சன்னலில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். திருநீற்றுப்பச்சை ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். துளசிக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும். வேர் ஒரு விரற்கடை வந்ததும் தொட்டியில் நடுங்கள். ஐப்பசி மழை வருமுன் செடி பிடித்துவிடும். தாழ்வாரத்தில் அது பத்திரமாக இருக்கும்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஆனால் கடற்கரையில் ஆடிக்காற்று உப்புக்காற்று. இங்கே நாற்றுக்கு மறைவு வேண்டும். முடியாதவர்கள் ஆவணி வரை பொறுக்கலாம்.

விதைக்குக் கதிர் நன்றாகக் காய்ந்து பழுப்பான பிறகு பறியுங்கள். உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் விதை நிற்கும். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்குக் கெடாது. விதைக்கும்போது சாம்பலும் மணலும் கலந்து தூவுங்கள். எறும்பு தூக்கிக்கொண்டு போகாது. விதை மேல் மண்ணைக் குவிக்காதீர்கள். மெல்லிய தூவல் போதும்.

இலையைச் சேமிப்பது

இலையைச் சேமிக்க நல்ல காலம் எது? புரட்டாசியின் வெயில் நாட்கள். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் இருக்கும். இலை காயாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

காலையில் பனி காய்ந்த பிறகு பறியுங்கள். கழுவி, துணியில் உதறி, சிறு கொத்தாகக் கட்டி, காற்றாடும் நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயிலில் போடாதீர்கள். மேலே சொன்னேனே, எண்ணெய் பறந்துவிடும் என்று! ஒரு வாரத்தில் தொட்டால் நொறுங்கும். அதுவே பதம். முழு இலையாகப் புட்டியில் அடைத்து, உபயோகிக்கும்போது பொடியுங்கள். பொடித்து வைத்தால் மணம் சீக்கிரம் போகும்.

பச்சையாகவே வைக்க வேண்டுமா? பூங்கொத்தைப் போலத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். குளிர்பெட்டியில் அப்படியே போட்டால் இலை கருக்கும். பத்து டிகிரிக்குக் கீழே போனால் இந்தச் செடிக்கு ஆகாது. உறைய வைப்பதானால் இலையை அரிந்து, பனிக்கட்டித் தட்டில் தண்ணீரோடு உறைய வைக்கலாம். ரசம், குழம்பு, தேநீருக்கு ஒரு கட்டியைப் போட்டால் போதும். நிறம் கருக்கும். மணம் ஓரளவு இருக்கும்.

இன்னொரு வழி நம் முட்டத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அது உப்பு! கருவாடு போடும் அதே கதைதான். உப்பு ஈரத்தை இழுத்துவிடும். ஈரம் இல்லாத இடத்தில் கிருமி வளராது. இத்தாலியில் திருநீற்றுப்பச்சையை இப்படி வைக்கிறார்கள். புட்டியில் ஒரு அடுக்கு கல்லுப்பு, ஒரு அடுக்கு இலை. மேலே உப்பால் மூடி இறுக்குங்கள். சமையலில் போடும்போது குழம்புக்கு உப்பைக் குறைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பச்சிலையை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள். எண்ணெய்க்குள் காற்று புகாது. காற்று இல்லாத இடத்தில் வளரும் ஒரு கொடிய கிருமி உண்டு. அது உண்டாக்கும் நஞ்சுக்கு மணம் இல்லை, ருசி இல்லை. ஆளையே கொன்றுவிடும். எண்ணெயில் போட்டால் குளிர்பெட்டியில் வைத்து நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள்.

பெயரில் ஆபத்து!

சப்ஜா விதையைக் குமரியிலும் கேரளத்திலும் பலர் "கசகசா" என்று சொல்கிறார்கள். உண்மையான கசகசா வேறு. அது அபினிச் செடியின் விதை. குழம்புக்கு அரைத்து ஊற்றும் வெள்ளை விதை அது. சப்ஜா கருப்பு.

இதில் என்ன வந்தது என்கிறீர்களா? நம் கரையோர வீடுகளிலிருந்து எத்தனையோ பேர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா ஆகிய நாடுகளில் அபினிச் செடியின் கசகசாவுக்குத் தடை இருக்கிறது. ஊரிலிருந்து மசாலாப் பொட்டலத்தோடு அதைக் கொண்டுபோனால் சிறைக்குப் போக நேரும். "சர்பத்துக்குக் கசகசா கொண்டு வா" என்று அங்கிருந்து ஒருவர் கேட்க, இங்கே வெள்ளைக் கசகசாவைக் கட்டிக்கொடுத்தால் என்ன ஆகும்? பயணம் போகிறவர் பெட்டியைக் கட்டுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள்.

சப்ஜாவை உலர்ந்தபடி வாயில் போடக் கூடாது. ஈரம் பட்டால் பல மடங்கு ஊதும். தொண்டையில் அடைக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிறு கரண்டி போட்டு, 15 முதல் 20 நிமிடம் ஊறிய பிறகே குடிக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் இருங்கள்.

மருந்துக்கு எல்லை உண்டு

துளசிக் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும். சாதாரணச் சளிக்கு வீட்டு வைத்தியமாகப் பல தலைமுறையாக இருந்து வருகிறது. ஆனால் துளசி எல்லா நோயையும் தீர்க்கும் என்று நம்பிக் காலத்தைக் கடத்தாதீர்கள். குழந்தைக்கு மூச்சு இரைத்தால், நெஞ்சு உள்ளே இழுத்தால், காய்ச்சல் விடாவிட்டால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் துளசிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் கஷாயம் குடிக்க வேண்டாம்.

வெட்டி ஒட்டிக் கொள்ளுங்கள்

ஆனி, ஆடி: காற்றுக்கு மறைவு. இலை கழுவுதல்.
ஆவணி: கிளை நறுக்கித் தண்ணீரில் வைத்தல்.
புரட்டாசி: கதிர் கிள்ளுதல். இலை பறித்து நிழலில் உலர்த்துதல்.
ஐப்பசி, கார்த்திகை: தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றுதல். தண்ணீரைக் குறைத்தல்.
மார்கழி: காலையில் மட்டும் நீர். நோய் இலையைக் கிள்ளுதல்.
தை: பட்ட கிளையைக் கழித்து, புது எரு போடுதல். விதை எடுத்தல்.

தோவாளைப் பூச்சந்தைக்குப் போனால் துளசியைக் கட்டுக் கட்டாக வாங்கலாம். பூசைக்கு அது போதும். ஆனால் நடுச்சாமத்தில் குழந்தை இருமும்போது சந்தை திறந்திருக்காது. வாசலில் ஒரு செடி, திண்ணையில் அதன் பிள்ளை, அலமாரியில் ஒரு புட்டி உலர்ந்த இலை, இன்னொரு புட்டியில் விதை. இந்த நாலும் இருக்கும் வீட்டில் மழை எத்தனை நாள் பெய்தாலும் துளசிக்குப் பஞ்சம் வராது. ஆவணி பிறந்ததும் ஒரு கிளையை நறுக்குங்கள். இரண்டு கிளையாக நறுக்கினால் இன்னும் நல்லது. ஒன்று பக்கத்து வீட்டுக்கு!